காலில் கட்டிய கிலோ

ஒரு கிலோ எல்லா இடத்திலும் ஒரு கிலோ இல்லை. தலையில் வைத்தால் ஒரு கணக்கு, கையில் தூக்கினால் இன்னொரு கணக்கு, காலில் கட்டினால் அது வேறு கதை. தண்ணீர்க் குடம் சுமந்த எல்லோருக்கும் இதில் பாதி தெரியும். மீதியை அளந்து எழுதியவர்கள் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சோல், கோல்ட்மேன் என்ற இருவர். 1969-இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, தலையில் சுமக்கும் ஒரு கிலோவுக்கு, நம் உடம்பின் சொந்த எடையில் ஒரு கிலோவை நகர்த்த ஆகும் சக்தியைப் போல சுமார் 1.2 மடங்கு செலவாகிறது. கையில் என்றால் 1.4 முதல் 1.9 மடங்கு. பாதத்தில் கட்டினால் 4.2-இல் தொடங்கி, நடை வேகம் கூடக்கூட 6.3 மடங்கு வரை போகிறது.

காரணம் எளிமையானதுதான். நடக்கும்போது இடுப்புக்கு மேல் உள்ள உடம்பு ஓரளவு சீராக முன்னே நகர்கிறது. கால் அப்படியில்லை. ஒவ்வொரு எட்டிலும் அது நின்று, கிளம்பி, வீசப்பட்டு, மறுபடி நிற்கிறது. கடிகாரப் பெண்டுலம் மாதிரி. பெண்டுலத்தின் நுனியில் ஒரு சின்னக் குண்டைக் கூடுதலாகத் தொங்கவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் காலுக்கும் ஆகிறது. படைகள் பூட்ஸின் எடையைக் கிராம் கிராமாகக் குறைக்கப் பாடுபடுவது இதனால்தான். சிப்பாய் களைத்துப்போனால் நஷ்டம் அரசாங்கத்துக்கு. ஆகவே அவன் பாதத்தில் உள்ள எடைக்கு ஒரு கணக்குப்பிள்ளை உண்டு, சம்பளம் உண்டு, ஆய்வுக்கூடம் உண்டு.

சங்கரன்கோவிலில் இருக்கும் என் சித்தியின் காலில் உள்ள எடைக்கு அப்படி யாரும் இருந்ததில்லை. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. போன வருடம் தெருமுனைப் பூக்கடையின் மின்தராசில் அவருடைய காலிப்பரைத் தூக்கி வைத்தேன். ஷூவோடு சேர்த்து 2 கிலோ 350 கிராம். சித்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆஸ்பத்திரியில எத்தன தடவ என்னை எடை பாத்திருக்காவ தெரியுமா? ஒவ்வொரு தடவையும் இதைக் கழட்டி ஓரமா வச்சிட்டுதான் ஏறச் சொல்லுவாவ. இதைத் தூக்கி வச்சி ஒருத்தரும் பாத்ததில்ல."

சித்தி பிறந்தது 1973-இல். ஒன்றரை வயதில் காய்ச்சல், அதோடு வலது கால் போனது. அந்தத் தலைமுறையில் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இப்படி இருந்தார்கள். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ தொற்று 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கிவிட்டோம். செய்தி அங்கே முடிந்துவிட்டது. ஆனால் நோய் போன பிறகும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது, அறுபது வயது. போலியோவுக்கு ஒரு பின்கட்டணமும் உண்டு. பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்த தசைகள் நடுவயதுக்குப் பின் மறுபடி தளர ஆரம்பிக்கும். பத்து வயதில் ஓடி ஓடி இழுத்த அதே இரும்பை ஐம்பது வயதில் இழுக்க முடியாது.

அந்த இரும்பை நெருங்கிப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். காலின் இரண்டு பக்கமும் இரண்டு பட்டைக் கம்பிகள், தொடை உச்சியிலிருந்து ஷூ வரை. தொடையில் ஒரு தோல் பட்டை, முழங்காலுக்கு ஒரு தோல் மூடி. முழங்கால் மடியும் இடத்தில் இரண்டு வளையங்கள். எழுந்து நிற்கும்போது அவை 'டக்' என்று கீழே விழுந்து மூட்டைப் பூட்டிவிடும். உட்கார வேண்டுமென்றால் கையால் தூக்கிவிட வேண்டும். கம்பியின் அடிமுனை ஷூவின் குதிகாலில் இறங்கியிருக்கும். முழங்கால் பூட்டியிருப்பதால் கால் மடங்காது. நேராக நிற்கும் கம்பை முன்னே கொண்டுபோக இடுப்பைத் தூக்கி, வட்டமாக வீசித்தான் எட்டு வைக்க வேண்டும். சித்தி தார் சுற்றும் விசைத்தறிக் கூடம் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர். போக வர ஒரு கிலோமீட்டருக்கு 1,600 எட்டு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலுக்கு 800. ஒரு நாளைக்கு, வேலைக்குப் போய் வர மட்டும், கிட்டத்தட்ட இரண்டு டன் இரும்பு முன்னே வீசப்படுகிறது. (எடை முழுவதும் பாதத்தில் இல்லை, தொடை வரை பரவியிருக்கிறது, ஆகவே இதை ஆறால் பெருக்குவது மிகை. ஆனால் அந்த ஆய்வில் நடந்தவர்கள் இரண்டு காலும் நன்றாக உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

இந்த இடத்தில் தமிழர்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் கதை அப்துல் கலாம் சொன்னது. ஹைதராபாத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் வந்தார். ஏவுகணைக்கான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். இவ்வளவு லேசா என்று வியந்து, கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே சிறுவர்களும் சிறுமிகளும் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பர்களை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்று வாரத்தில் 300 கிராமில் ஒரு காலிப்பர் தயாரானது. பிள்ளைகள் ஓடினார்கள், பெற்றோர் அழுதார்கள். தன் வாழ்வின் பேரானந்தங்களில் ஒன்றாக இதைக் கலாம் மேடைக்கு மேடை சொன்னார்.

எனக்குக் கலாமைப் பிடிக்கும். காலை வணக்கப் படங்களில் வரும் கலாமை விட, தும்பாவில் ஃபைபர் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டிய கலாமை. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் நான்காம் நிலை அவருடைய பொறுப்பில் இருந்தது, அது கூட்டுப்பொருளில் செய்யப்பட்டது. 17 டன் ராக்கெட் மேலே கொண்டுபோகக்கூடியது 40 கிலோ அளவிலான செயற்கைக்கோளை. உச்சி நிலையில் ஒரு கிலோ கூடினால் செயற்கைக்கோளில் நேராக ஒரு கிலோ குறையும். அடி நிலையில் அதே ஒரு கிலோவுக்கு அவ்வளவு தண்டனை இல்லை. ராக்கெட்டுக்கு உச்சி எப்படியோ, காலுக்குப் பாதம் அப்படி. நுனியில் உள்ள எடைதான் அதிகம் பழிவாங்கும். வாழ்க்கையின் பாதியை அந்த நுனியில் கிராம் எண்ணியே கழித்த மனிதருக்கு அந்தப் பிள்ளைகளின் காலைப் பார்த்ததும் ஏன் உடனே புரிந்தது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் கதையைப் பொறியாளனாகக் கேட்டால் ஒரு கணக்கு இடிக்கிறது. எஃகின் அடர்த்தி 7.8. கண்ணாடி இழைக் கூட்டுப்பொருள் ஏறக்குறைய 1.8, கார்பன் இழை 1.6. அதே பொருளை அதே அளவில் வேறு பொருளில் செய்தால் எடை நாலில் ஒன்றாகும், ஐந்தில் ஒன்றாகும். பத்தில் ஒன்றாவது எப்படி? அந்தக் கருவியின் பெயரிலேயே விடை இருக்கிறது. அதைத் தரை எதிர்விசை காலிப்பர் என்பார்கள். கணுக்காலை அசையாமல் பிடித்து, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் எலும்பின் முன்பக்கம் ஒரு ஓடு. பாதம் தரையில் அழுந்தும்போது தரை திருப்பித் தள்ளும் விசை அந்த ஓட்டின் வழியாக முழங்காலைப் பின்னோக்கி நிமிர்த்துகிறது. பூட்டே இல்லாமல் முழங்கால் மடங்காமல் நிற்கிறது. சால்டியல் என்பவர் 1969-லேயே இதை எழுதிவிட்டார். ஆக, எடை குறைந்ததில் ஒரு பங்கு பொருளுக்கு, இன்னொரு பங்கு தொடைவரை இருந்த கருவியை முழங்காலோடு நிறுத்திய யோசனைக்கு. எல்லோருக்கும் இது பொருந்தாது. முழங்கால் மடங்கியபடியே இறுகிப் போனவர்களுக்கு உதவாது, இடுப்புத் தசையில் கொஞ்சமாவது பலம் வேண்டும். சித்தி மாதிரி ஆட்களுக்குத் தொடை வரைதான் வேண்டும்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதால் கதையின் மதிப்பு குறையவில்லை. ஆனால் மேடையில் கைதட்டல் வாங்கும் இடம் ஒன்று, எனக்குத் தூக்கம் கெடும் இடம் இன்னொன்று. மூன்று வாரம். மூன்றே வாரத்தில் செய்ய முடிந்த ஒன்று, அதற்கு முந்தைய வருடங்களில் ஏன் செய்யப்படவில்லை? ஒரு மருத்துவர் ஏவுகணைக் கூடத்துக்குத் தற்செயலாகப் போகாமல் இருந்திருந்தால்? பாதுகாப்பு ஆராய்ச்சியில் கொட்டும் பணத்துக்கு நியாயமாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு: பாருங்கள், ஏவுகணையிலிருந்து காலிப்பர் வந்ததே. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. ஏவுகணையின் எடையைக் கேட்க ஆள் இருந்தது, பிள்ளையின் காலில் உள்ள எடையைக் கேட்க ஆள் இல்லை என்பதற்கு அந்தக் கதையே சாட்சி. அதில் நான் கும்பிடுவது அந்த மருத்துவரின் கையை. கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொருளாகப் பார்க்காமல் அதைத் தூக்கிப் பார்த்தாரே, அந்தக் கையை.

எடையைக் கூட்டுபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர் என்று ஆகும்போது கிராம்கள் எண்ணப்படுவதில்லை. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். விலையுயர்ந்த மடிக்கணினியில், வேகமான இணையத்தில் உட்கார்ந்து செயலி எழுதுகிறோம்; அது ஏழாயிரம் ரூபாய் போனில், இரண்டு கோடு சிக்னலில் எப்படித் திணறுகிறது என்பதை எங்கள் மேசையில் எதுவும் சொல்வதில்லை. மின்னூட்டம் தீர்வது அவர்களுக்கு. நாங்கள் "வேலை செய்கிறது" என்று குறித்துவிட்டு மூடிவிடுகிறோம். காலிப்பரும் வேலை செய்தது. நிற்க வைத்தது. பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. சித்தியின் மூச்சு எந்தப் பதிவேட்டிலும் செலவாக எழுதப்படவில்லை, ஏனென்றால் அது சித்தியின் சொந்தக் கணக்கு.

அமர்த்தியா சென் 'நீதி பற்றிய கருத்து' நூலில் இதைப் பற்றிப் பேசுகிறார். மாற்றுத்திறன் கொண்டவருக்கு வருமானம் குறைவது ஒரு பாதிப்பு. அதே வருமானத்தைக் கொண்டு அதே காரியத்தைச் செய்ய மற்றவரை விடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருப்பது இரண்டாவது பாதிப்பு. பலரும் முதலாவதைப் பார்க்கிறார்கள், இரண்டாவதைத் தவறவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். நான் இதில் உடம்பின் சக்தியையும் சேர்ப்பேன். தறிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே கூலி. ஆனால் உட்காரும் முன்பே சித்தி ஒரு பங்கைச் செலவழித்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

அப்படியானால் எல்லோருக்கும் கார்பன் கொடுத்துவிட வேண்டியதுதானே? நான் சித்தியிடம் அப்படித்தான் போய் நின்றேன். கார்பன் துணியின் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோனேன். சங்கரன்கோவில்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம், தறி தெரிந்த ஊர். முடியை விடப் பல மடங்கு மெல்லிய கரி இழைகள், பாவும் ஊடையுமாக நெய்தது. இழை நீளவாக்கில் இழுத்தால் எஃகுக்குச் சமமாக நிற்கும், குறுக்கே ஒன்றுமில்லை. அதனால் எந்தப் பக்கம் சுமை வருமோ அந்தப் பக்கம் இழையைப் படுக்க வைக்க வேண்டும். முறுக்கு வரும் இடத்தில் துணியைச் சாய்வாகப் போட வேண்டும். மாவுக்கட்டில் காலின் அச்சு எடுத்து, அந்த அச்சின் மேல் துணியை அடுக்கடுக்காகப் போர்த்தி, ரெசின் ஊற்றி, காற்றை உறிஞ்சி இறுக்கினால் கால் வடிவில் ஓடு கிடைக்கும். இழை ரெசினில் கரைவதில்லை, ரெசின் இழையாவதில்லை. இரண்டும் தத்தம் குணத்தோடு ஒட்டி நிற்கின்றன. அரனும் அரியும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நிற்கும் சங்கரநாராயணரின் ஊரில் இதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. (இதற்கு மேல் இழுத்தால் அர்ச்சகரும் மெட்டீரியல்ஸ் பேராசிரியரும் சேர்ந்து அடிக்க வருவார்கள்.)

சித்தி துண்டை விரலால் உரசிப் பார்த்தார். நெசவு நெருக்கமாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "ஒடைஞ்சா யாரு ஒட்டுவா?"

நல்ல கேள்வி. இரும்பு உடைவதற்கு முன் வளைந்து காட்டும். கார்பன் அவ்வளவு எச்சரிக்கை தராது. கம்பி விட்டுப்போனால் எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டலாம். பட்டை கிழிந்தால் பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைப்பவர் தைத்துவிடுவார். பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் காலிப்பரைச் சூடுகாட்டி இளக்கி, உறுத்தும் இடத்தை ஒதுக்கிவிடலாம். பெரும்பாலான கார்பன் ஓடுகளில் பயன்படும் ரெசின் ஒருமுறை இறுகினால் மறுபடி இளகாது. கால் மெலிந்தாலோ வீங்கினாலோ புதிதாக அச்சு எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு இது பெரிய சிக்கல். விலை? சித்திக்குச் சொன்ன விலை லட்சத்தைத் தாண்டியது.

இதற்கெல்லாம் எதிர்முனையில் நிற்பது ஜெய்ப்பூர் கால். 1960-களின் கடைசியில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞரும் பி.கே. சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன் இருந்த செயற்கைக் கால்கள் ஷூ போட்டே தீர வேண்டியவை. நம் ஆட்கள் அதைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்க முடியவில்லை, குந்த முடியவில்லை, வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போக முடியவில்லை. ஆகவே கழற்றி மூலையில் வைத்தார்கள். ஜெய்ப்பூர் கால் ரப்பரில் வந்தது, பாதம் மாதிரியே இருந்தது, தண்ணீரில் நனையலாம், வெறுங்காலாகத் தரையில் வைக்கலாம். உலகிலேயே சிறந்த பொருளை அவர்கள் தேடவில்லை. கழற்றி வைத்தவர் ஏன் கழற்றினார் என்று கேட்டார்கள்.

ஆனால் இந்தக் கதையையும் தப்பாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு. ஏழை நாட்டுக்கு எளிய தொழில்நுட்பம் போதும், கார்பனெல்லாம் ஆடம்பரம் என்று முடித்துவிடுவார்கள். சித்தப்பாவும் அன்று அதைத்தான் சொன்னார்: "அம்பது வருசமா இதுலதான நடக்கா. இது போதும்பா." நானே தலையாட்டப் போனேன், கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சித்தி தாரைச் சுற்றிக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "போதும்னு நான்தான் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் சொல்லப்பிடாது."

நான் இதுவரை படித்த நீதிக் கோட்பாடுகளில் இதற்குப் பக்கத்தில் வரும் வாக்கியம் குறைவு. 'இது அவளுக்குப் போதும்' என்பதும் சரி, 'இதுதான் அவளுக்கு வேண்டும்' என்பதும் சரி, இரண்டுமே வெளியிலிருந்து வைக்கும் எடைதான். கருணையோடு வைத்தாலும் எடை எடைதான். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. தசைச்சிதைவு உள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பிறகு சேர்ந்துகொண்டார். சக்கர நாற்காலியில் இருப்பவர் முடிவெடுக்கும் நாற்காலியிலும் இருப்பது என்ன மாற்றத்தைத் தரும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் தெரிந்த உதாரணம் அதுதான். வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பிய டாக்டர் மேரி வர்கீஸும் 1954 விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியிலிருந்து வேலை பார்த்தவர். உடம்பில் பட்டவர்கள் எல்லாரும் சரியாகவே முடிவெடுப்பார்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் தராசை ஓரமாக வைத்துவிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

கார்பனின் லாபம் எவ்வளவு என்பதையும் சித்தியிடம் மறைக்காமல் சொன்னேன். நெதர்லாந்தில் முன்னாள் போலியோ நோயாளிகள் 20 பேருக்குக் கார்பன் கூட்டுப்பொருளில் முழுக்கால் காலிப்பர் செய்து கொடுத்து அளந்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி நடப்பதற்கான சக்திச் செலவு சராசரியாக 8 சதவீதம் குறைந்தது. பிள்ளைகள் துள்ளி ஓடும் காட்சி இதில் இல்லை. நூறு ரூபாய்க்கு எட்டு ரூபாய் மிச்சம். ஐம்பது வயதில், தளரும் தசைக்கு, நாள்தோறும் எட்டு ரூபாய் என்பது சின்னத் தொகையா பெரிய தொகையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சம்பளம் வாங்குபவர்தான் சொல்ல வேண்டும்.

சித்தி அந்த எட்டில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. அவர் கேட்டது நான் யோசித்தே பார்க்காத ஒன்று: "செருப்பு தனியாக் கழட்ட வருமா?"

இரும்புக் காலிப்பரில் கம்பியோடு ஷூ சேர்ந்தே இருக்கும். ஷூவைக் கழற்ற வேண்டுமென்றால் காலையே கழற்ற வேண்டும். கோயிலுக்குள் போனால் சித்தி வாசலில் காலிப்பரை விட்டுவிட்டு, தொடையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் யார் தோளையாவது பிடித்துத்தான் போக வேண்டும். ஆடித் தபசுக்குக் கொடி ஏறியதும் ஊரே ஆடிச்சுற்று சுற்றும். ஒற்றைக் காலில் நின்று தவமிருக்கும் கோமதி அம்மனின் கால்வலியில் பங்கெடுத்துக்கொள்வதாக ஐதீகம். 101, 108 என்று எண்ணிச் சுற்றுவார்கள். சித்தி ஐம்பது வருடமாக அதை மண்டபத் தூணோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கூட்டுப்பொருள் காலிப்பரில் பாதமும் ஓட்டுக்குள் அடங்கிவிடும். செருப்பு மேலே மாட்டுவது, கழற்றினால் வந்துவிடும்.

காலிப்பர் செய்பவரிடம் போனில் கேட்டேன். வரும் என்றார். ஆனால் வெறும் ஓடு கல்தரையில் வழுக்கும், அடியில் மெல்லிய ரப்பர் ஒட்ட வேண்டும், ஈரம் பட்டால் இன்னும் கவனம் என்றார். செருப்பின் குதிகால் உயரம் போனால் காலின் கோணம் மாறும், ஆகவே வெறுங்காலில் நடக்க ஏற்றபடி முதலிலேயே அச்சில் சரிசெய்ய வேண்டும், இதை முன்னாலேயே சொன்னது நல்லது என்றார். சித்தி சீட்டு எடுத்திருக்கிறார். மிச்சத்துக்கு நானும் தம்பியும். வைகாசியில் மாவுக்கட்டு அளவெடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கொடியேற்றத்துக்குள் கைக்கு வருமா என்று சித்தி இரண்டு முறை கேட்டுவிட்டார். 108 வேண்டாம், மூணு சுத்து போதும் என்கிறார்.